விமானத்தைக் கழித்து விமானியை நிறுக்கும் கணக்கு

இயந்திரமே இல்லாத விமானங்களுக்கு வேகப் பந்தயம் வைக்கிறார்கள் என்றால், நம்மில் பலர் நம்ப மாட்டார்கள். மோட்டார் இல்லாமல் பறப்பதே அதிசயம். அதில் பந்தயம் வேறா என்று கேட்பார்கள். ஆனால் அந்தப் பந்தயம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. அதற்கு உலகப் பட்டம் உண்டு. தடித்த விதிப் புத்தகம் உண்டு. அந்த விதிகளைப் பற்றி ஓயாத வாக்குவாதமும் உண்டு.

இந்த விமானத்திற்குக் கிளைடர் என்று பெயர். தமிழில் சறுக்கு விமானம் என்பார்கள். இதன் பந்தய விதிகளில் ஓர் அருமையான கணக்கு ஒளிந்திருக்கிறது. புது விமானம் வைத்திருப்பவனும் பழைய விமானம் வைத்திருப்பவனும் ஒரே வானத்தில் போட்டியிட்டால், யார் கெட்டிக்காரன் என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது? அந்தக் கேள்விக்கு மனிதர்கள் தேடிய விடைகளைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பறப்பது எப்படி?

உச்சி வெயில் நேரத்தில் தோட்டத்துக்கு மேலே பருந்து வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கையை அசைக்காமலேயே அது மேலே மேலே போகும். வெயிலில் சூடேறிய தரையிலிருந்து வெப்பக் காற்று தூண் போல எழும்புகிறது. அந்த எழுகாற்றுக்குள் வட்டமிட்டால், அதுவே பருந்தைத் தூக்கிக்கொண்டு போகும்.

கிளைடரும் அதைத்தான் செய்கிறது. முதலில் ஒரு மோட்டார் விமானம் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்துக்குப் போய் விட்டுவிடும். அதன் பிறகு விமானிக்குத் துணை காற்றும் கண்ணும் அனுபவமுமே. எழுகாற்றைத் தேடிப் பிடித்து, வட்டமிட்டு உயர வேண்டும். உயர்ந்ததும், போக வேண்டிய திசையை நோக்கிச் சறுக்கிக்கொண்டே போக வேண்டும். உயரம் குறைவதற்குள் அடுத்த எழுகாற்றைப் பிடித்துவிட வேண்டும். பிடிக்காவிட்டால், கண்ணில் பட்ட வயலிலோ புல்வெளியிலோ இறங்க வேண்டியதுதான்.

விமானத்துக்கு விமானம் இந்தச் சறுக்கும் திறன் மாறுபடும். 1950களில் ஜெர்மனியில் உருவான கா 6 என்ற மர விமானம், காற்றில்லாத அமைதியான வானில் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து சறுக்கினால் சுமார் 30 கிலோமீட்டர் போகும். 1960களின் பிற்பகுதியில் கண்ணாடியிழையால் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் லிபெல்லே அதே உயரத்திலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் போகும். லிபெல்லே என்றால் ஜெர்மன் மொழியில் தும்பி. மிக நீளமான இறக்கை கொண்ட பெரிய விமானங்களோ 60 கிலோமீட்டரைத் தொட்டுவிடும்.

இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால், அது விமானிகளுக்குள் நடக்கும் போட்டியாக இருக்காது. பணப்பைகளுக்குள் நடக்கும் போட்டியாகத்தான் இருக்கும்.

மலை உச்சியில் தொடங்கிய கதை

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு, 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை பல தடைகளை விதித்தது. மோட்டார் விமானம் கட்டுவதும் பறப்பதும் கட்டுப்படுத்தப்பட்டன. பறக்கும் ஆசை கொண்ட இளைஞர்கள், மோட்டார் இல்லாமலேயே பறக்க வழி தேடினார்கள். 1920ஆம் ஆண்டு, ரோன் மலைப் பகுதியில் உள்ள வாசர்குப்பே என்ற 950 மீட்டர் உயர மலையில் கூடி முதல் போட்டியை நடத்தினார்கள். அந்த ஆண்டு வோல்ஃப்காங் கிளெம்பெரர் என்பவர் 2 நிமிடம் 22 விநாடி பறந்து, 1,830 மீட்டர் தூரத்தைக் கடந்தார். அன்று அது பெரிய சாதனை!

1937இல் அதே மலையில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. ஹைனி டிட்மார் என்ற ஜெர்மானியர் வென்றார். இன்றோ, நல்ல வெயில் நாளில் 300, 400 கிலோமீட்டர் பந்தயம் வைப்பது சர்வ சாதாரணம்.

பந்தயத்தின் விதிகள்

ஒவ்வொரு நாள் காலையிலும் வானிலையைப் பார்த்து அன்றைய பாதையை அறிவிப்பார்கள். ஒரு கோட்டிலிருந்து புறப்பட்டு, குறிப்பிட்ட ஊர்களையோ மலைகளையோ சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். சுற்றி வர வேண்டிய அந்த இடங்களைத் திருப்புமுனைகள் என்போம். யாருடைய சராசரி வேகம் அதிகமோ அவரே அன்றைய முதல்வர்.

இன்னொரு வகைப் பந்தயமும் உண்டு. அதில் திருப்புமுனைக்குப் பதிலாகப் பெரிய வட்டப் பரப்புகளைக் குறித்து, ஒரு குறைந்தபட்ச நேரத்தையும் விதிப்பார்கள். அந்தப் பரப்புக்குள் எவ்வளவு ஆழமாகப் போய்த் திரும்புவது என்பது விமானியின் விருப்பம். நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தாலும், விதித்த நேரத்தைக் கொண்டுதான் வேகத்தைக் கணக்கிடுவார்கள்.

முன்பெல்லாம் திருப்புமுனையைச் சுற்றியதற்கு அத்தாட்சியாக, விமானி மேலிருந்தே கேமராவில் படம் பிடித்து வர வேண்டும். இப்போது செயற்கைக்கோள் உதவியோடு பாதையை முழுவதும் பதிந்துகொள்ளும் கருவி ஒவ்வொரு விமானத்திலும் இருக்கிறது. இறங்கியதும் அதைக் கொடுத்துவிட வேண்டும். பொய் சொல்ல வழியில்லை.

அன்றைய முதல்வருக்கு உச்ச அளவாக 1,000 புள்ளிகள். மற்றவர்களுக்கு அவரவர் வேகத்துக்குத் தக்கபடி குறையும். வழியில் இறங்கிவிட்டவருக்குக் கடந்த தூரத்துக்கு மட்டுமே புள்ளி, வேகத்துக்கு இல்லை. பந்தயம் மிகக் குறுகியதாகப் போய்விட்டால், முதல்வருக்கும் முழு ஆயிரம் கிடைக்காது. ஒரு நாள் அதிர்ஷ்டம் போட்டி முழுவதையும் தீர்மானித்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எல்லா நாளின் புள்ளிகளையும் கூட்டித்தான் பட்டம்.

உயிரைக் காக்கும் விதிகளும் இருக்கின்றன. ஓர் எழுகாற்றில் இருபது, முப்பது விமானங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வட்டமிடும். அங்கே முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, பின்னால் வருபவரும் அந்தப் பக்கமே சுற்ற வேண்டும். உலகப் போட்டிகளில் மேகத்துக்குள் நுழைந்து பறக்கத் தடை. முடிவிடத்துக்கு மிகத் தாழ்வாக வந்து சேர்ந்தால் புள்ளி குறையும். வெற்றி ஆசையில் மரத்தை உரசிக்கொண்டு வருவதைத் தடுக்கத்தான் இந்த விதி.

நியாயத்துக்கு மூன்று வழிகள்

சரி, விமானங்களின் ஏற்றத்தாழ்வை என்ன செய்வது? மூன்று வழிகளைக் கையாண்டு பார்த்தார்கள்.

முதல் வழி, எல்லை வகுப்பது. "இறக்கை இவ்வளவு நீளம்தான், எடை இவ்வளவுதான், அதற்குள் எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்" என்று சொல்லிவிடுவது. 1958இல் போலந்தின் லெஷ்னோ நகரில் நடந்த உலகப் போட்டியில், ஸ்டாண்டர்ட் வகை என்ற புதுப் பிரிவு சேர்க்கப்பட்டது. இறக்கை நீளம் 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சாதாரண மனிதரும் சாதாரணச் சங்கமும் வாங்கக்கூடிய எளிய விமானத்தை வளர்க்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த வகைக்கான வடிவமைப்புப் பரிசையும் அப்போது கா 6தான் பெற்றது.

இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் வளையும் மடல்கள் இருந்தால், மெதுவாக வட்டமிடவும் வேகமாகச் சறுக்கவும் வசதி. ஸ்டாண்டர்ட் வகையில் இன்று அதற்கு இடமில்லை. அதனால் மடல் உள்ள விமானங்களுக்கென்று 15 மீட்டர் வகை தனியே பிறந்து, 1978இல் பிரான்ஸின் ஷாத்தோரூ நகரில் முதன்முறையாக உலகப் போட்டிக்கு வந்தது. 18 மீட்டர் வகையும் பின்னர் வந்தது. இறக்கை நீளத்துக்கு எல்லையே இல்லாத திறந்த வகையும் உண்டு.

இந்த வழியில் ஒரு சிக்கல். எல்லை வகுத்ததும், அந்த எல்லைக்குள்ளேயே ஓட்டப் பந்தயம் தொடங்கிவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்புது வடிவம், புதுப்புதுப் பொருள். ஏழைக்கென்று வகுத்த எளிய வகையிலும் விலை ஏறிக்கொண்டே போனது. நேற்று வென்ற விமானம் இன்று கொட்டகையில் தூங்கியது.

இரண்டாம் வழி, எல்லாருக்கும் ஒரே மாதிரி விமானம். இதற்காக உலக அளவில் வடிவமைப்புப் போட்டி வைத்து, 1993இல் போலந்தின் வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பி.டபிள்யூ.5 என்ற சிறிய விமானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1997இல் துருக்கியில் அதற்கு முதல் உலகப் போட்டியும் நடந்தது. வாதத்துக்கே இடமில்லாத நியாயம் இது. ஆனால் அந்த விமானத்தின் திறனோ பழைய கண்ணாடியிழை விமானங்களைவிடக் குறைவு. அதே விலைக்கு இன்னும் நன்றாகப் பறக்கும் பழைய விமானம் கிடைக்கும்போது, இதை ஏன் வாங்க வேண்டும் என்று பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். இறுதியில் அந்த வகை நிறுத்தப்பட்டு, 13.5 மீட்டர் வகை அதன் இடத்தைப் பிடித்தது.

மூன்றாம் வழிதான் ஹேண்டிகேப் எனப்படும் சமன் எண். கிளப் வகை என்ற பிரிவு இந்த எண்ணை நம்பித்தான் நடக்கிறது. தேசியப் போட்டிகளில் நெடுநாளாக இருந்த இம்முறை, 2001இல் ஆஸ்திரேலியாவின் காவ்லர் நகரில் உலகப் போட்டியாக உயர்ந்தது.

கணக்கு இதுதான்

ஹேண்டிகேப் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. குதிரைப் பந்தயத்தில், நன்றாக ஓடும் குதிரையின் மேல் கூடுதல் எடை ஏற்றுவார்கள். துரைமார்கள் ஆடும் கோல்ஃப் ஆட்டத்தில், சுமாராக ஆடுபவருக்குச் சில அடிகளைக் கழித்துக் கொடுப்பார்கள். ஆனால் கிளைடர் பந்தயத்தின் சமன் எண் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. கோல்ஃபில் ஆட்டக்காரருக்கு எண். இங்கே விமானத்துக்கு மட்டும்தான் எண், விமானிக்கு இல்லை. பத்து முறை பட்டம் வென்றவர் ஏறினாலும் அதே எண். நேற்றுக் கற்றுக்கொண்டவர் ஏறினாலும் அதே எண். கெட்டிக்காரத்தனத்துக்குத் தண்டனை கிடையாது.

ரப்பர் பால் வெட்டிய குடும்பங்களுக்கு இது எளிதில் புரியும். ஸ்டோரில் பாலை நிறுத்த எடையை அப்படியே எழுதிக்கொள்வதில்லை. மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பார்த்து, தண்ணீரைக் கழித்துவிட்டு, ரப்பர் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். அதுபோல, விமானியின் வேகத்திலிருந்து விமானம் கொடுத்த பங்கைக் கழித்துவிட்டு, மனிதன் கொடுத்த பங்கை மட்டும் நிறுப்பதுதான் சமன் எண்ணின் வேலை.

ஒவ்வொரு விமானமும் எந்த வேகத்தில் எவ்வளவு இறங்கும் என்பதை அளந்து, ஒரு சராசரி வானிலையில் அது எவ்வளவு வேகமாகப் பாதையைக் கடக்கும் என்று கணிக்கிறார்கள். நடுத்தரமான ஒரு விமானத்துக்கு 100 என்று வைத்துக்கொண்டால், அதைவிடத் திறமையானதற்கு 100க்கு மேல், குறைந்ததற்கு 100க்குக் கீழ். பறந்த வேகத்தை 100ஆல் பெருக்கி, சமன் எண்ணால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

கணக்கு புரிவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்களை வைத்துப் பார்ப்போம். பாதை 300 கிலோமீட்டர். முதலாமவரின் புது விமானத்துக்கு எண் 110. இரண்டாமவரின் பழைய விமானத்துக்கு 90.

முதலாமவர் 3 மணி நேரத்தில் வந்துவிட்டார். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். 110ஆல் வகுத்தால் 90.9 ஆகிறது.

இரண்டாமவர் அரை மணி நேரம் பிந்தி, மூன்றரை மணி நேரத்தில் வந்தார். வேகம் 85.7. அதை 90ஆல் வகுத்தால் 95.2 ஆகிறது.

கோட்டை முதலில் தொட்டவர் முதலாமவர், வென்றவரோ இரண்டாமவர்! அவர் 3 மணி 40 நிமிடத்தில் வந்திருந்தால் இருவரும் சமம். அந்த 40 நிமிடம் பழைய விமானத்துக்குப் போட்ட பிச்சை அல்ல. புது விமானம் தன் உடைமையாளருக்குச் சும்மா கொடுத்த 40 நிமிடத்தை எடுத்து ஓரமாக வைத்ததுதான்.

இந்தக் கணக்கை ஏமாற்ற முடியாதபடி காவலும் உண்டு. மற்ற பெரும்பாலான வகைகளில் இறக்கைக்குள் தண்ணீர் நிரப்பிக்கொண்டு பறப்பார்கள். எடை கூடினால் விழுந்துவிடாதா என்று கேட்கலாம். கூடிய எடையோடும் விமானம் அதே சாய்வில்தான் சறுக்கும்; ஆனால் வேகம் அதிகமாக இருக்கும். கிளப் வகையில் இந்தத் தண்ணீருக்குத் தடை. விமானத்தைத் தராசில் ஏற்றி நிறுப்பார்கள். குறிப்பிட்ட எடைக்கு மேல் இருந்தால் சமன் எண்ணைக் கூட்டிவிடுவார்கள். இறக்கை நுனியில் சிறு நிமிர் இறக்கை பொருத்தியிருந்தாலும் எண் கூடும்.

கணக்குக்கு எட்டாத காற்று

அப்படியானால் நியாயம் கிடைத்துவிட்டதா? முழுவதும் இல்லை. சமன் எண் சராசரி வானிலைக்குப் போட்ட எண். வானமோ சராசரியாக இருப்பதில்லை.

எதிர்க்காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு விமானம் மணிக்கு 100 கிலோமீட்டர், இன்னொன்று 80 கிலோமீட்டர் போகக்கூடியது. 60 கிலோமீட்டர் போய் 60 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். காற்றில்லாத நாளில் வேகமானதற்கு 1 மணி 12 நிமிடம்; மெதுவானதற்கு 1 மணி 30 நிமிடம். பின்னது முன்னதைப் போல ஒன்றேகால் மடங்கு. இதற்குத்தான் எண் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது 40 கிலோமீட்டர் காற்று வீசுகிறது. போகும்போது எதிர்க்காற்று: வேகமானது மணிக்கு 60, மெதுவானது மணிக்கு 40. திரும்பும்போது பின்காற்று: ஒன்று 140, மற்றது 120. கூட்டிப் பாருங்கள். வேகமானதற்கு ஏறக்குறைய 1 மணி 26 நிமிடம். மெதுவானதற்கு 2 மணி நேரம். வித்தியாசம் 1.4 மடங்கு. ஆனால் சமன் எண் கொடுப்பதோ அதே 1.25 மடங்குதான். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது ஈடுகட்ட முடியவில்லை. அன்று பழைய விமானக்காரர் எவ்வளவு திறமையாகப் பறந்தாலும், காற்று அவருடைய பையிலிருந்து எடுத்துவிடுகிறது.

எழுகாற்றுகள் தூரந்தூரமாக இருக்கும் நாளும் அப்படியே. புது விமானம் இடைவெளியைச் சறுக்கிக் கடந்துவிடும். பழையது வயலில் இறங்கிவிடும். எட்டாத தூரத்துக்குச் சமன் எண் பாலம் போடாது. மாறாக, எழுகாற்று குறுகலாகவும் மென்மையாகவும் இருக்கும் நாளில், இலேசான பழைய விமானம் சிறு வட்டமடித்து ஏறிவிடும். கனத்த புது விமானம் திணறும். அன்று எண் பழையதற்குச் சாதகம்.

அதனால்தான் உலகக் கிளப் போட்டியில் எல்லா விமானங்களையும் சேர்ப்பதில்லை. திறனில் ஓரளவு நெருங்கியிருப்பவற்றை மட்டுமே பட்டியலில் வைக்கிறார்கள். வித்தியாசம் சிறியதாக இருந்தால், கணக்கின் பிழையும் சிறியதாக இருக்கும். பிரிட்டனில் இன்னொரு முறையைக் கையாண்டிருக்கிறார்கள். வேகத்தை வகுப்பதற்குப் பதிலாக, மெதுவான விமானத்துக்குப் பாதையையே குறைத்துவிடுவது. அதற்குத் திருப்புமுனையைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டுக் கொடுப்பார்கள். அது முனைவரை போகாமல் வட்டத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். யார் முன்னே, யார் பின்னே என்பது கண்ணுக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

மனிதனே மிஞ்சுகிறான்

இவ்வளவு வாதமும் வீண் வேலையா என்று சிலர் கேட்கலாம். போலந்து நாட்டு மருத்துவர் செபாஸ்டியன் காவாவைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே விமானம் என்ற வகையில் உலகப் பட்டம் வென்றார். சமன் எண் உள்ள கிளப் வகையிலும் வென்றார். எல்லை வகுத்த ஸ்டாண்டர்ட் வகையிலும் வென்றார். மூன்று விதமான தராசிலும் நிறுத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் அதே மனிதர்தான் கனத்தார். அப்படியென்றால் தராசுகள் அவ்வளவு மோசமில்லை என்றுதானே பொருள்?

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சமன் எண் இல்லாவிட்டால், 1960களிலும் 1970களிலும் கட்டிய நூற்றுக்கணக்கான விமானங்கள் பந்தயத்துக்கு உதவாதவை என்று ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றை வைத்திருக்கும் சிறு சங்கங்களும், புதியது வாங்க வசதியில்லாத இளைஞர்களும் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். ஓர் எண் அவர்களை உள்ளே அழைத்துக்கொண்டது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பரீட்சை முடிவு வந்ததும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை நம் பிள்ளையின் மதிப்பெண்ணோடு வைத்துப் பார்க்கிறோம். ஒரு பிள்ளைக்குத் தனி அறையும் டியூஷனும் இருந்திருக்கும். இன்னொரு பிள்ளை தம்பி தங்கையைத் தூங்க வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்திருக்கும். பரீட்சைத் தாள் அதைக் கேட்காது, கேட்கவும் முடியாது. வீட்டில் இருக்கும் நாமாவது, திட்டுவதற்கு முன்னால், அந்த வகுத்தல் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.